கொன்றை மரத்தை வெட்ட வேண்டாம்

கேள்வி: என் மகளுக்கு 11 வயது. ஐப்பசி மழை பிடித்தால் வீசிங் வந்துவிடுகிறது. வாசலில் உள்ள கொன்றையின் பூந்தூள்தான் காரணம், வெட்டிவிடு என்கிறார்கள். லேப்காரர் ஒருவர் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்து 200 வகை அலர்ஜி பார்த்துத் தருவதாகச் சொல்கிறார். பார்க்கலாமா?
– ஒரு தாய், ஒட்டன்சத்திரம்

பதில்: மரம் இருக்கட்டும் அம்மா. கொன்றை பூப்பது சித்திரையில். உங்கள் மகளுக்கு இரைப்பது ஐப்பசியில். பளிச்சென்று பூக்கிற மரங்களின் மகரந்தம் பிசுபிசுப்பானது. வண்டின் காலில் ஒட்டிப் போகுமே தவிர, காற்றில் அதிகம் பறக்காது. படுத்துவதெல்லாம் புல், குப்பைக்கீரை, பார்த்தீனியம் போல யாரும் ஏறிட்டுப் பார்க்காத செடிகள்தான்.

மழைக்காலத்தில் நான் முதலில் சந்தேகப்படுவது பூஞ்சையை. நனைந்து காய்ந்த வைக்கோலை உருவும்போது சாம்பலாக ஒரு புகை எழும்பும் பாருங்கள், அதில் நிறைய பூஞ்சை வித்துகள் இருக்கும். மகரந்தம் பெரும்பாலும் மூக்கோடு நின்றுவிடும். பூஞ்சை வித்துகளில் பல மிகச் சிறியவை, மூச்சுக்குழல் வரை இறங்கும். இடிமழையில் மகரந்தமும் ஈரம்பட்டு உடைந்து அப்படி இறங்கும். 2016 நவம்பர் 21 அன்று மெல்போர்னில் அப்படித்தான் ஆயிரக்கணக்கானோர் மூச்சுத்திணறி, 10 பேர் இறந்தார்கள். அதன்பின் அங்கே முன்னெச்சரிக்கை தருகிறார்கள். நமக்கு மழை எத்தனை மில்லிமீட்டர் என்று அன்றன்றைக்குத் தெரிகிறது. காற்றில் என்ன மிதக்கிறது என்று சொல்ல ஆளில்லை. எத்தனை வருடம்தான் கேட்பது?

அந்த 200 வகைப் பரிசோதனை வேண்டவே வேண்டாம். அதில் ‘பாசிட்டிவ்’ வந்தாலே அதுதான் நோய்க்குக் காரணம் என்றாகாது. அப்படி ஒரு தாளை நம்பி முட்டை, பால், கத்திரிக்காய் எல்லாம் மாதக்கணக்கில் நிறுத்தப்பட்டு, எலும்பும் தோலுமாக ஒரு பையன் என்னிடம் வந்தான். இரைப்பு மட்டும் அப்படியே இருந்தது. தேவைப்பட்டால் மருத்துவரே நாலைந்து பொருளுக்குத் தோலில் சோதித்துப் பார்ப்பார். கமிஷனுக்கு வருகிறவரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். பெயர் ஒட்டாத ‘ஆஸ்துமா பொடி’ விற்பவரையும்தான். அதில் ஸ்டீராய்டு மாத்திரையை அரைத்துக் கலப்பவர்கள் உண்டு.

ஒரே ஒரு விஷயத்துக்கு ரத்தப் பரிசோதனை அவசியம். இன்ஹேலரை ஒழுங்காக எடுத்தும் இரைப்பு அடங்கவில்லை, சளியில் பழுப்புக் கட்டிகள் வருகின்றன என்றால், ஆஸ்பர்ஜில்லஸ் என்ற பூஞ்சை நுரையீரலுக்குள்ளேயே தங்கி அலர்ஜி உண்டாக்குகிறதா என்று பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயில் காசநோய் போலவே நிழல் தெரியலாம். சளியில் கிருமி இல்லாதபோதும் காசநோய் என்று சொல்லி ஆறு மாதம் மாத்திரை விழுங்கவைக்கப்பட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். ஐஜிஇ என்பது அலர்ஜியில் ரத்தத்தில் கூடும் ஒரு புரதம். ‘மொத்த ஐஜிஇ’, ‘ஆஸ்பர்ஜில்லஸ் ஐஜிஇ’ இரண்டையும் கேட்டுச் செய்யுங்கள். மற்ற 198 தேவையில்லை.

மகளுக்கு வேண்டியது தடுப்பு இன்ஹேலர். ஐப்பசி வரை காத்திராமல் புரட்டாசியிலேயே மருத்துவரைப் பார்த்துத் தொடங்குங்கள். ஸ்பேசர் (இன்ஹேலரோடு மாட்டும் குடுவை) வைத்துத் தினமும் எடுக்கட்டும். இரைப்பு நின்றதும் நீங்களாக நிறுத்த வேண்டாம். வைக்கோல், சருகு அள்ளும் வேலைக்கு அவளை விடாதீர்கள். இடியோடு காற்று கிளம்பினால் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே இருக்கட்டும். இரைப்பை உடனே தணிக்கும் நீல இன்ஹேலர் எடுத்தும் ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாமல் திணறினால், விடியட்டும் என்று இருக்காதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை அதே இன்ஹேலரை ஸ்பேசரில் திரும்பத் திரும்பக் கொடுத்துக்கொண்டிருங்கள்.