அரசாங்கக் காயம், சொந்த லீவு

கேள்வி: திருகோணமலையில் ஓர் உள்ளூராட்சி சபையில் நிரந்தர சுகாதாரத் தொழிலாளி நான். புரட்டாதியில் வடிகான் துப்புரவாக்கும்போது போத்தல் ஓடு வெட்டி, உள்ளங்காலில் ஆறு தையல். வீட்டில் நின்ற பன்னிரண்டு நாளையும் என் சொந்த லீவில் கழித்துவிட்டார்கள். தொழிற்சாலைக்காரருக்கு இருக்கிற பாதுகாப்பு எங்களுக்கு இல்லையா?
— வாசகர், உப்புவெளி

பதில்: இருக்கிறது. உங்கள் காயத்துக்குத்தான் கடதாசி இல்லை.

1942ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தொழிற்சாலைக்கு உரியது. வீதியோர வடிகான் அதற்குள் வராது. அதற்காக நீங்கள் நாதியற்றவர் ஆகிவிடவில்லை. அரச ஊழியர்களுக்கான சேவை விதிகளின் தொகுப்பான தாபன விதிக்கோவையின் 12ஆம் அத்தியாயம் விபத்து லீவு என்று தனியாகவே ஒன்றைச் சொல்கிறது. ஆனால் அது தானாக வீடு தேடி வராது, கேட்டு வாங்க வேண்டும்.

பிசகுவது எங்கே தெரியுமா? வெளிநோயாளர் பிரிவில். "என்ன நடந்தது?" என்று டாக்டர் கேட்பார். "போத்தல் வெட்டினது" என்பீர்கள். அட்டையில் வெட்டுக்காயம் என்று விழும். எங்கே, எந்த வேலையில் என்பது விழாது. மேற்பார்வையாளரோ "முதல்ல மருந்தைக் கட்டுங்கோ, பிறகு பார்ப்பம்" என்றிருப்பார். அந்தப் 'பிறகு' வருவதற்குள் லீவு கழிந்துவிடும்.

இப்போதும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. திகதி, நேரம், எந்த வீதியின் எந்த வடிகான், பக்கத்தில் நின்ற இரண்டு பேர் யார் என்பதை எழுதி, நோய் நிர்ணய அட்டையின் பிரதியையும் அன்றைய வரவு இடாப்பின் விபரத்தையும் சேர்த்து, மேற்பார்வையாளர் ஊடாகச் செயலாளருக்குக் கொடுங்கள். உங்களிடம் இருக்கும் பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் கந்தோரை விட்டு இறங்க வேண்டாம். நிரந்தர நியமனம் இல்லாமல், அமைய அடிப்படையில் வேலை செய்யும் உங்கள் தோழர்கள் 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தையும் பார்க்க வேண்டும். 2022 திருத்தத்துக்குப் பிறகு, வேலைக்கு வந்துபோகும் வழியில் நேரும் விபத்தும் அதற்குள் அடங்கும்.

அடுத்தது சப்பாத்து. உங்களுக்குத் தந்தது வெறும் றப்பர் பூட்ஸ் என்றால், போத்தல் ஓடு அதன் அடியை வெண்ணெய் போல வெட்டும். அடியில் உருக்குத் தகடு வைத்தது வேண்டும். முழங்காலுக்கு மேல் தண்ணீர் நிற்கும் வடிகானில் பூட்ஸோடு இறங்குவதும் வீண். உள்ளே புகுந்த தண்ணீர் வெளியே போகாது, நாள் முழுக்க ஒரு வாளிக்குள் காலை வைத்திருப்பீர்கள். பருத்திக் கையுறை அதைவிட மோசம், அழுக்கு நீரை உறிஞ்சித் தோலோடு ஒட்டவைக்கும். முழங்கை வரை வரும் றப்பர் கையுறை கேளுங்கள்.

அந்த நீரில் எலிச் சிறுநீர் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் கிருமிக்குச் சின்னக் கீறல் போதும். மாரி மழை தொடங்கும் முன்பே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்குப் போய், அதைத் தடுக்கக் கொடுக்கும் டொக்சிசைக்கிளின் குளிசை பற்றிக் கேளுங்கள். வழமையான தடுப்பு அளவு வாரம் ஒருமுறை 200 மில்லிகிராம், அதாவது 100 மில்லிகிராம் குளிசை இரண்டு. சாப்பிட்ட பிறகு, நிறையத் தண்ணீரோடு விழுங்க வேண்டும். விழுங்கிய கையோடு படுத்தால் தொண்டைக்குழாயில் புண் வரும். பால் தேத்தண்ணியோடு எடுத்தால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது. கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது, ஆகவே டாக்டரைக் கேட்காமல் பாமசியில் வாங்க வேண்டாம். குளிசை போட்டிருந்தாலும், வடிகானில் இறங்கி ஒன்றிரண்டு வாரத்துக்குள் காய்ச்சலும் கெண்டைக்கால் நோவும் வந்து கண்ணும் சிவந்தால், பனடோல் போட்டுக்கொண்டு படுக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய் "நான் வடிகானில் இறங்குகிறவன்" என்று முதல் வசனமாகச் சொல்லுங்கள்.

"பூட்ஸ் எல்லாருக்கும் குடுத்தாச்சு" என்று சபை சொல்லக்கூடும். 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்ச் சபையின் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள்: கடந்த இரண்டு வருடத்தில் எத்தனை சோடி, எந்த வகை, எந்த அளவில் வாங்கினீர்கள்? விநியோக இடாப்பின் பிரதி எங்கே? தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். பிரதி கைக்கு வந்ததும், நீங்கள் கண்ணாலும் காணாத சப்பாத்துக்கு நேரே உங்கள் கையெழுத்து இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.