விளையாட்டுக் கத்தி என்ன விலை போகும்? ஸ்கின் வாங்குவோர், விற்போர், ஏமாந்தோர்: கேள்வி-பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 என்ற துப்பாக்கிச் சண்டை கேம் பற்றியவை. துப்பாக்கிக்குப் போடும் ஸ்கின் என்கிற அலங்கார மேற்பூச்சு, அது கிடைக்கும் கேஸ் என்கிற பெட்டி, பெட்டியைத் திறக்கும் சாவி என்று எல்லாமே அதைச் சுற்றித்தான். இவை கைமாறுவது, வால்வ் நிறுவனம் நடத்தும் ஸ்டீம் என்ற கேம் தளத்தில். நீளமான கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: என் இன்வென்டரியின் (கேமில் சேர்த்து வைத்த பொருள்களின்) மதிப்பு 86,000 ரூபாய் என்று ஒரு தளம் காட்டுகிறது. எல்லாவற்றையும் விற்றுப் பழைய பைக் ஒன்று வாங்க நினைக்கிறேன். ஸ்டீம் மார்க்கெட்டில் போட்டால் எத்தனை நாளில் வங்கிக்குப் பணம் வரும்? (கோவை)

பதில்: வரவே வராது. ஸ்டீம் மார்க்கெட்டில் விற்ற காசு ஸ்டீம் வாலட்டுக்குள் போய் விழும். அதைக் கொண்டு வேறு கேம் வாங்கலாம், வேறு ஸ்கின் வாங்கலாம். வங்கிக்கு எடுத்துப் போக வழி கிடையாது.

அந்த 86,000-மும் முழுசாக உங்களுடையது அல்ல. ஸ்டீமுக்கு 5 சதவீதம், கேமுக்கு 10 சதவீதம் என்று கட்டணம் உண்டு. விற்பவர் பெறும் தொகையின் மேல் இது ஏற்றப்படுகிறது. வாங்குபவர் 1,150 ரூபாய் கொடுத்தால் உங்களுக்கு வருவது 1,000. அந்தக் கணக்கில் உங்கள் 86,000, வாலட்டில் சுமார் 74,800 ஆகிவிடும். அதுவும் கேட்கிற விலைக்கே எல்லாம் போனால்தான். உடனே விற்க வேண்டுமானால், வாங்கக் காத்திருப்பவர்கள் போட்டு வைத்திருக்கும் விலைக்குத்தான் கொடுக்க வேண்டும்; அது இன்னும் கீழே இருக்கும்.

நிஜப் பணம் தரும் வெளிச் சந்தைத் தளங்கள் இருக்கின்றன. கையில் எடுக்கக்கூடிய பணம் என்பதால் அங்கே விலை ஸ்டீம் விலையைவிடக் குறைவாகவே இருக்கும். அந்தத் தளம் இந்திய வங்கிக் கணக்குக்குப் பணம் அனுப்புகிறதா, கமிஷன் எவ்வளவு என்பதை முதலில் பாருங்கள். பிறகு 200 ரூபாய் ஸ்கின் ஒன்றை விற்று, பணம் வங்கியில் ஏறும்வரை காத்திருங்கள். கைமாறிய பொருளுக்கு ஸ்டீமில் 7 நாள் பாதுகாப்புக் காலம் இருப்பதால், அது முடியும்வரை தளம் பணத்தை நிறுத்தி வைக்கலாம். சோதனை சரியாக வந்த பிறகு மற்றதை விற்கலாம். பைக் கடைக்காரரிடம் அட்வான்ஸ் மட்டும் அதற்குமுன் கொடுத்துவிடாதீர்கள்.

கேள்வி: இதுவரை 60 பெட்டி திறந்துவிட்டேன், கத்தி விழவில்லை. இத்தனை திறந்தபின் அடுத்த இருபதுக்குள் விழ வாய்ப்பு அதிகம்தானே? நிறுத்தினால் போட்ட காசு வீண் இல்லையா? (கல்லூரி மாணவர், திருச்சி)

பதில்: இல்லை தம்பி. அறுபத்தோராவது பெட்டிக்கு முந்தைய அறுபதைப் பற்றி எதுவும் தெரியாது. சில கேம்களில் இத்தனை முறை தோற்றால் கட்டாயம் நல்ல பொருள் என்று ஏற்பாடு இருக்கும். கவுண்டர்-ஸ்ட்ரைக் பெட்டியில் அது கிடையாது.

இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் இந்த வாரம் மட்டும் ஏழு பேர் இதையே கேட்டிருக்கிறார்கள். வாய்ப்பு எவ்வளவு என்பது ரகசியம் அல்ல. சீனாவில் சட்டம் கட்டாயப்படுத்தியதால், அங்கே கேமை நடத்தும் பெர்ஃபெக்ட் வேர்ல்டு நிறுவனம் 2017-இல் வெளியிட்டது. பொருள் எவ்வளவு அரிது என்பதை நிறம் காட்டும்: நீலம் 79.92 சதவீதம், ஊதா 15.98, இளஞ்சிவப்பு 3.2, சிவப்பு 0.64. கத்தியோ கையுறையோ விழும் தங்க நிறத்துக்கு 0.26 சதவீதம், அதாவது சுமார் 385-க்கு ஒன்று.

சாவி விலை 2.49 டாலர். 385 சாவிக்கு ஏறக்குறைய 959 டாலர். பெட்டிகளின் விலை தனி. இவ்வளவு செலவழித்தால் ஒரு கத்தி நிச்சயம் என்று நினைத்துவிடாதீர்கள். 385 பெட்டி திறந்தும் ஒரு கத்திகூட விழாமல் போக வாய்ப்பு 37 சதவீதம். நீங்கள் சொல்லும் 'அடுத்த இருபது'? அதில் ஒன்றாவது விழ வாய்ப்பு 5 சதவீதம். விழுகிற கத்தியும் நீங்கள் ஆசைப்பட்ட கத்தியாக இருக்க வேண்டும் என்பதில்லை. தேய்ந்த நிலையில், யாரும் விரும்பாத டிசைனில் வந்தால், சந்தையில் அதன் விலை நீங்கள் சாவிக்குக் கொடுத்ததில் ஒரு பங்குதான் இருக்கும்.

திரையில் ஓடும் பட்டை மெதுவாகி, தங்க நிறத்தை ஒட்டி வந்து நிற்கிறதே, அது உங்களை அடுத்த சாவி வாங்க வைப்பதற்கான அலங்காரம். சாவியைப் போட்ட கணத்திலேயே என்ன விழும் என்பதைச் சர்வர் தீர்மானித்துவிடும். 'மயிரிழையில் தப்பிப்போச்சு' என்று அங்கே ஒன்றும் நடப்பதில்லை.

பெட்டியில் விழும் எல்லா ஸ்கினும் சந்தையில் தனியாக விலைக்குக் கிடைக்கிறது. நூற்றில் எண்பது முறை கிடைக்கும் நீலங்களில் பெரும்பாலானவை ஒரு சாவியின் விலையைக்கூட எட்டாது. ஆக, நீங்கள் கொடுப்பது பொருளின் விலை அல்ல, லாட்டரிச் சீட்டின் விலை. இதைச் சூது என்று சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையமும் 2018-இல் அதைத்தான் சொன்னது. பிரான்சில் 2019 முதல் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதைத் திறக்கும் முன்பே காட்டுகிறார்கள். ஆனால் காட்டியதை வாங்கினால்தான் அடுத்ததைப் பார்க்க முடியும். சட்டம் கதவை மூடினால் ஜன்னல் வழியாக அதே வியாபாரம்.

போட்ட காசு போய்விட்டது. நிறுத்துங்கள்.

கேள்வி: நான் நெதர்லாந்தில் இருக்கிறேன். இங்கே பெட்டி திறக்க முடியவில்லை. விபிஎன் போட்டுத் திறக்கலாமா?

பதில்: வேண்டாம். இடத்தை மறைப்பது ஸ்டீம் ஒப்பந்தத்தை மீறுவது. பெட்டிக்காகக் கணக்கையே இழப்பீர்கள்.

கேள்வி: நண்பன் அனுப்பிய டோர்னமென்ட் லிங்கில், 'டீமுக்கு ஓட்டுப் போடு' என்றதால் ஸ்டீம் மூலம் லாகின் செய்தேன். நான்கு நாள் கழித்து ஒரு தளத்தில் என் கையுறையை விற்றபோது, ஃபோனில் கன்ஃபர்ம் கொடுத்தேன். அது வேறு யாருக்கோ போய்விட்டது. அதே பெயர், அதே படம்தான் இருந்தது. மூன்று வருடம் சேர்த்து வாங்கியது. (யாழ்ப்பாணம்)

பதில்: உங்கள் மேல் தவறு என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள், இது நன்றாகத் திட்டமிட்ட திருட்டு. போலிப் பக்கத்தில் லாகின் செய்தபோது, உங்கள் கணக்கில் 'வெப் ஏபிஐ கீ' (வெளி நிரல் ஒன்று உங்கள் ட்ரேடுகளைக் கையாள உதவும் ரகசியக் குறியீடு) ஒன்றை உருவாக்கிக்கொண்டு காத்திருந்திருக்கலாம். நீங்கள் ட்ரேட் (பொருளைக் கைமாற்றும் கோரிக்கை) அனுப்பியதும் அவர்களுடைய பாட் என்கிற தானியங்கி நிரல் அதை ரத்து செய்துவிட்டு, வாங்குபவரின் பெயரையும் படத்தையும் காப்பியடித்த இன்னொரு கணக்கிலிருந்து அதே ட்ரேடை அனுப்பும். உங்கள் நண்பனின் கணக்கும் இதேபோல் முன்பே பறிபோயிருக்கும்.

ட்ரேட் முடிந்து 7 நாள் ஆகவில்லை என்றால் இன்றே, இப்போதே செய்யுங்கள். 2025 ஜூலை முதல் கவுண்டர்-ஸ்ட்ரைக் 2 பொருள்களுக்கு ட்ரேடைத் திருப்பும் வசதி இருக்கிறது. ஆனால் முதலில் வீட்டைப் பூட்ட வேண்டும். நல்ல கம்ப்யூட்டரிலிருந்து பாஸ்வேர்டை மாற்றுங்கள். 'ஸ்டீம் கார்ட்' (Steam Guard) என்ற பாதுகாப்புப் பகுதியில் எல்லாக் கருவிகளையும் வெளியேற்றுங்கள். ஏபிஐ கீ பக்கத்தில் நீங்கள் உருவாக்காத கீ இருந்தால் ரத்து செய்யுங்கள். பெரும்பாலோருக்கு அந்தப் பக்கம் காலியாகத்தான் இருக்க வேண்டும். ட்ரேட் யூஆர்எல்லை (பிறர் உங்களுக்கு ட்ரேட் அனுப்பும் லிங்க்) புதிதாக்குங்கள். அதன்பின் ட்ரேட் வரலாற்றுப் பக்கத்துக்குப் போய்த் திருப்புங்கள். அந்த ஒன்றை மட்டும் பொறுக்கித் திருப்ப முடியாது. கடந்த 7 நாளில் நடந்த, பாதுகாப்பில் உள்ள எல்லா ட்ரேடும் திரும்பும். பிறகு 30 நாள் நீங்கள் ட்ரேடும் செய்ய முடியாது, மார்க்கெட்டும் பயன்படுத்த முடியாது. அது பரவாயில்லை, கையுறை வந்துவிடும்.

7 நாள் தாண்டியிருந்தால் ஸ்டீம் சப்போர்ட் பொருளைத் திருப்பித் தராது. அதுதான் அவர்கள் கொள்கை. எனக்கு அதில் உடன்பாடு இல்லை; பொருள் எந்தக் கணக்குக்குப் போனது என்ற பதிவு முழுக்க அவர்களிடமேதான் இருக்கிறது.

இனிமேல் ஃபோனில் கன்ஃபர்ம் தொடும் முன், எதிர்க்கணக்கின் ஸ்டீம் லெவலையும் அது தொடங்கிய தேதியையும் பாருங்கள். பெயரையும் படத்தையும் யாரும் காப்பியடிக்கலாம், தொடங்கிய தேதியை அப்படிச் செய்ய முடியாது.

கேள்வி: 'ஃபீல்டு-டெஸ்டட்' என்று போட்டிருந்த ஏகே-47 ஸ்கினை 6,500-க்கு வாங்கினேன். அதே பெயர், அதே தரத்தில் நண்பன் வாங்கியது பளபளப்பாக இருக்கிறது, என்னுடையது சுரண்டி எடுத்ததுபோல் இருக்கிறது. ஏமாற்றிவிட்டார்களா? விளையாடி விளையாடித் தேய்ந்துவிட்டதா? (சென்னை)

பதில்: யாரும் ஏமாற்றவில்லை. நீங்கள் பார்க்காமல் வாங்கியிருக்கிறீர்கள். விளையாடுவதால் ஸ்கின் தேயாது. ஒவ்வொன்றுக்கும் 0-விலிருந்து 1 வரை ஃப்ளோட் என்று ஓர் எண் உண்டு. பிறக்கும்போதே ஒட்டிக்கொள்ளும், சாதாரணப் பயன்பாட்டில் மாறாது. 0.07 வரை ஃபேக்டரி நியூ, 0.15 வரை மினிமல் வேர், 0.38 வரை ஃபீல்டு-டெஸ்டட், 0.45 வரை வெல்-வோர்ன், அதற்கு மேல் பேட்டில்-ஸ்கார்டு. உங்கள் தரம் 0.15-இல் தொடங்கி 0.38 வரை நீள்கிறது. நண்பனுடையது 0.16 ஆகவும் உங்களுடையது 0.37 ஆகவும் இருக்கலாம். இரண்டுக்கும் பெயர் ஒன்றே.

ஸ்டீம் மார்க்கெட்டில் ஒவ்வொரு பொருளுக்கும் 'இன்ஸ்பெக்ட்' வசதி இருக்கிறது. கேமுக்குள் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம், காசு கேட்பதில்லை. கத்தரிக்காய் வாங்கும்போதே திருப்பிப் பார்க்கிறோம். 6,500 ரூபாய்க்கு அரை நிமிடம் செலவழிக்கக் கூடாதா? மார்க்கெட்டில் வாங்கியதற்கு ரீஃபண்டும் கிடையாது.

கேமில் துப்பாக்கிமேல் ஒட்டும் ஸ்டிக்கர் பற்றியும் ஒரு வார்த்தை. ஒட்டிய ஸ்டிக்கரைப் பிரித்து வேறு துப்பாக்கியில் ஒட்ட முடியாது, சுரண்டி எடுத்தால் அழிந்துவிடும். ஆகவே ஒட்டிய பிறகு, மிக அரிதானவை தவிர, அதன் விலையில் சிறு பங்குதான் மிஞ்சும். நான்கு ஸ்டிக்கர் இருக்கிறது என்று ஒரு துப்பாக்கிக்கு நானும் ஒன்றரை மடங்கு விலை கொடுத்திருக்கிறேன். விற்கும்போது ஸ்டிக்கருக்கென்று யாரும் ஒரு ரூபாய்கூடக் கூட்டித் தரவில்லை.

கேள்வி: என் மகனுக்கு 14 வயது. என் கணவரின் கார்டில் 11,000 ரூபாய்க்கு சாவி வாங்கிவிட்டான். நேற்றுதான் தெரிந்தது. வங்கியில் புகார் கொடுத்துப் பணத்தை நிறுத்தச் சொல்லலாமா? (சேலம்)

பதில்: அம்மா, வங்கிக்கு முதலில் போகாதீர்கள். வங்கி வழியாகப் பணத்தை இழுத்தால் ஸ்டீம் அந்தக் கணக்கைப் பூட்டிவிடும். முதலில் எத்தனை சாவி திறக்கப்படாமல் இருக்கிறது என்று பாருங்கள். கவுண்டர்-ஸ்ட்ரைக், ஸ்டீம் நடத்தும் வால்வ் நிறுவனத்தின் சொந்த கேம். அதற்குள் வாங்கிய பொருளைப் பயன்படுத்தாமல், மாற்றாமல், யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்தால் 48 மணி நேரத்துக்குள் ரீஃபண்டு கேட்கலாம். வாலட்டில் ஏற்றிச் செலவழிக்காத பணத்துக்கு 14 நாள் அவகாசம். ஸ்டீம் சப்போர்ட்டில் 'பர்ச்சேஸ்' பகுதியில் அந்தப் பரிவர்த்தனையைத் தேர்ந்தெடுத்துக் கேளுங்கள். நேரம் தாண்டியிருந்தாலும் சிறுவன் வாங்கியது என்று எழுதுங்கள், கேட்பதில் நஷ்டமில்லை. திறந்துவிட்ட சாவிக்குப் பணம் வராது.

அடுத்து, கார்டு விவரத்தை ஸ்டீம் கணக்கிலிருந்து நீக்குங்கள். ஸ்டீம் ஃபேமிலிஸில் மகனைக் குழந்தைக் கணக்காகச் சேர்த்தால், கடையையும் மார்க்கெட்டையும் நீங்கள் மூடி வைக்கலாம். பையனை அடிக்காதீர்கள், பெரியவர்களே விழும் பள்ளம் இது.

கேள்வி: முதலீடு என்று கத்தி வாங்கி வைத்தேன். 2025 அக்டோபர் அப்டேட்டில் விலை பாதியாகிவிட்டது. வால்வ் மீது நுகர்வோர் வழக்குப் போடலாமா? (பெங்களூர்)

பதில்: ஜெயிக்க வழி தெரியவில்லை. ஸ்டீம் ஒப்பந்தத்தின்படி அந்தக் கத்தி உங்கள் சொத்து அல்ல, பயன்படுத்தக் கிடைத்த உரிமம். ஐந்து சிவப்பு ஸ்கினைக் கொடுத்தால் ஒரு கத்தியோ கையுறையோ பெறலாம் என்று ஒரு விதியை மாற்றினார்கள். கத்தி விலை சரிந்தது, சிவப்பு விலை எகிறியது. கத்திக்கு விலை இருந்ததே அது அரிது என்பதால்தான். அந்த அரிதை ஒரே இரவில் மாற்றும் அதிகாரம் ஒரே கம்பெனியிடம் இருக்கும்போது, அதை முதலீடு என்று சொல்லி உங்களிடம் விற்றவர்கள் மீதுதான் எனக்குக் கோபம்.

கேள்வி: யூடியூபர் ஒருவர் சொன்ன தளத்தில் ஸ்கின்களைப் போட்டு 'காயின்ஃப்ளிப்' (நாணயம் சுண்டும் பந்தயம்) ஆடி ஜெயித்தேன். இப்போது எடுக்க வேண்டுமானால் இன்னும் 15,000 டெபாசிட் செய்யச் சொல்கிறார்கள். (மதுரை)

பதில்: ஒரு ரூபாய் போடாதீர்கள். அந்த 15,000 போட்டால் அடுத்து 'வரி' என்று 25,000 கேட்பார்கள். எல்லாவற்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். பணமாகவும் கட்டியிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930-க்குக் கூப்பிடுங்கள். தேசிய சைபர் குற்றத் தளத்திலும் புகாரைப் பதியுங்கள். இந்தியாவின் 2025 ஆன்லைன் கேமிங் சட்டம், பணமாக மாற்றக்கூடிய காயின், டோக்கன், பொருள் எதைப் பந்தயம் வைத்தாலும் பணமாகவே எடுத்துக்கொள்கிறது. நடத்துபவருக்கு 3 ஆண்டு வரை சிறை, விளம்பரம் செய்பவருக்கு 2 ஆண்டு வரை. ஆடியவருக்கு அதில் தண்டனை இல்லை. பயப்படாமல் புகார் கொடுங்கள்.

அந்த யூடியூபர் திரையில் ஜெயித்ததை நம்பாதீர்கள். ட்ரெவர் மார்ட்டின், தாமஸ் கேசல் என்ற இரண்டு பிரபல யூடியூபர்கள், ஒரு ஸ்கின் சூதாட்டத் தளத்தில் தாங்கள் ஜெயிப்பதாக வீடியோ போட்டுக்கொண்டே இருந்தார்கள். தளமே அவர்களுடையது என்பது 2016-இல் வெளியே வந்தது. அமெரிக்கக் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் 2017-இல் அவர்கள்மேல் நடவடிக்கை எடுத்தது. அபராதம் இல்லாமல், இனிமேல் தொடர்பைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்ற உத்தரவோடு முடிந்தது.

கேள்வி: அரிய ஸ்கின்களோடு பிஜிஎம்ஐ (மொபைல் துப்பாக்கிச் சண்டை கேம்) ஐடி 4,000-க்கு வருகிறது. வாங்கலாமா?

பதில்: கூடாது. முதலில் ஐடியைத் தொடங்கியவர் பழைய மெயிலைக் காட்டி எப்போது வேண்டுமானாலும் மீட்டுக்கொள்ளலாம். ஐடி விற்பனையே விதிமீறல் என்பதால் நீங்கள் புகார் கொடுக்கப் போனால் பூட்டப்படுவது அந்த ஐடிதான்.