போனுக்குள் இருக்கிற யாழ்ப்பாணம்

தம்பி, ஸ்காபரோவில் உங்களுக்கு இது முதல் குளிர்காலம். வேலை முடிந்து பேஸ்மென்ட் அறைக்கு வந்தால் நித்திரை வரும்வரை போனில் ஊர்ச் செய்திதான், புத்தகத்தைத் தொட மனம் வரவில்லை, கனடாவின் அரசியலும் விளையாட்டும் பிடிபடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். இப்படியே போனால் ஊரும் இல்லாமல் அங்கேயும் ஒட்டாமல் போய்விடுவேனா என்று கேட்டிருந்தீர்கள். நான் இப்போது விடுமுறையில் யாழ்ப்பாணத்தில் நிற்கிறேன். இந்தக் கிழமை இங்கே வாசித்ததையும் பார்த்ததையும் வைத்தே சொல்கிறேன்.

முதலில் அந்தப் போனைக் குறையுங்கள். ஊரை மறக்கச் சொல்லவில்லை. போனில் வருகிற யாழ்ப்பாணம் மிகச் சின்னது, எந்த நேரமும் கோபத்தில் இருப்பது. 2024 நவம்பர் பாராளுமன்றத் தேர்தலில் யாழ்ப்பாண மாவட்டத்தின் 6 ஆசனங்களில் 3 ஜனாதிபதி அனுர குமார திசாநாயக்கவின் தேசிய மக்கள் சக்திக்குப் போனதை வைத்து நம்முடைய ஆட்கள் போனில் இன்னும் சண்டை பிடிக்கிறார்கள். இங்கே மினிபஸ்ஸில் பக்கத்தில் இருப்பவரிடம் கேட்டால் ஆறுதலாகக் காரணம் சொல்கிறார். தமிழ்க் கட்சிகள் துண்டு துண்டாக நின்றது பிடிக்கவில்லை, ஒருமுறை மாற்றிப் பார்ப்போம் என்று போட்டோம் என்கிறார். ஆறு மாதத்துக்குள், 2025 மே உள்ளூராட்சித் தேர்தலில், பல சபைகளில் தமிழரசுக் கட்சி திரும்பவும் முன்னுக்கு வந்தது. சனம் யோசித்துத்தான் போடுகிறது. மீனவர்கள் இருக்கிற குருநகர்ப் பக்கம் போனால் கட்சிக் கதையே இல்லை, இந்திய இழுவைப் படகுகள் வலைகளை நாசமாக்குவதுதான் கதை. வலிகாமம் வடக்கில் இராணுவத்திடமிருந்து இன்னும் விடுபடாத காணிகளைப் பற்றிக் கதைப்பவர்களின் பொறுமையைப் பார்க்க எனக்கு நெஞ்சு கனத்தது.

பிக் மச்சும் இந்தக் கிழமைதான். யாழ்ப்பாணத்தின் சென்ட்ரல் கல்லூரியும் சென். ஜோன்ஸ் கல்லூரியும் 1904 இல் தொடங்கிய கிரிக்கெட் ஆட்டம். முடிவு எனக்கு முன்னமே உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்த மூன்று நாளும் சென்ட்ரல் மைதானத்தில் ஸ்கோரை விடப் பெரிய விசயங்கள் நடக்கின்றன. லண்டனிலிருந்து வந்த பழைய மாணவர் ஒருவர், தன்னோடு படித்து இப்போது வாழைக்குலை வியாபாரம் செய்பவரோடு ஒரே வாங்கில் இருந்து, பத்தாம் வகுப்புப் பெடியள் மாதிரிக் கத்துகிறார். 2024 இல் ஐபிஎல்லில் சன்ரைசர்ஸ் ஐதராபாத்துக்கு விளையாடிய வியாஸ்காந்த் சென்ட்ரலில் படித்தவர். எல்லைக் கயிற்றுக்கு வெளியே லெக் ஸ்பின் போட்டுப் பார்க்கிற சின்னப் பிள்ளைகளைப் பார்த்தால் அது என்ன செய்திருக்கிறது என்று விளங்கும்.

நீங்கள் செய்ய வேண்டியது பார்ப்பது இல்லை, விளையாடுவது. பனி கரைந்ததும் ரொறன்ரோப் பூங்காக்களில் எங்கள் பாடசாலைகளின் பழைய மாணவர் சங்கங்கள் கிரிக்கெட்டும் கரப்பந்தாட்டமும் தொடங்கிவிடும். உங்கள் பாடசாலைச் சங்கத்துக்கு இப்போதே பெயர் கொடுங்கள். வேலை, வீடு, நல்ல பழைய கார் எல்லாம் அந்த மைதானங்களில்தான் வாய்வழியாகக் கிடைக்கின்றன. அங்கத்தைய விளையாட்டுக்கு பேஸ்போல்தான் எங்களுக்கு லேசான வாசல். பந்தைப் போடுகிறவனுக்கும் அடிக்கிறவனுக்கும் நடுவில் நடக்கிற போட்டி எங்கள் கண்ணுக்குப் பழக்கமானது. 2025 இறுதித் தொடரில் ரொறன்ரோவின் புளூ ஜேய்ஸ் அணி ஏழாவது ஆட்டம்வரை போய், அதுவும் 11 ஆவது இனிங்ஸில் தோற்றது. அதைப் பற்றி வேலைத்தலத்தில் ஒரு கேள்வி கேட்டுப் பாருங்கள், அதுவரை வணக்கம் மட்டும் சொன்னவர்கள் தேத்தண்ணி இடைவேளை முழுக்கக் கதைப்பார்கள்.

புத்தகத்தைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டும். பின்னேரங்களில் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் இருந்தேன். 1981 மே 31 இரவு வைத்த நெருப்பில் ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலான இடம். இன்றைக்கு அதே கட்டடத்தில் ஏ லெவல் பிள்ளைகள் கதிரைக்கு இடம் பிடிக்கிறார்கள். நெடுந்தீவைப் பற்றிய ஓர் ஊர் வரலாற்றை எடுத்து, அவசரப்படாமல் வாசித்தேன். பவளக்கல் அடுக்கிய வேலிகள், காட்டில் திரியும் குதிரைகள், நன்னீருக்குப் பட்ட பாடு. அடுத்த நாள் குறிகட்டுவானில் படகேறிப் போனபோது ஒவ்வொரு வேலியும் எனக்கு ஏதோ சொன்னது. மாதக்கணக்கில் பார்த்த வீடியோக்களில் ஒன்றுகூட இதைத் தரவில்லை.

இதற்கு நீங்கள் இங்கே வரத் தேவையில்லை. ரொறன்ரோப் பொது நூலகத்தின் அட்டை அங்கே குடியிருப்பவர்களுக்கு இலவசம். ஸ்காபரோக் கிளைகள் பலவற்றில் தமிழ் நூல்கள் உண்டு. வேறு கிளையில் இருப்பதைக் கேட்டு வைத்தால் உங்கள் கிளைக்கே அனுப்புவார்கள். பிந்திக் கொடுத்தால் தண்டப்பணம் என்பதையும் 2022 இல் எடுத்துவிட்டார்கள். ஈழத்து நூல்களுக்கும் பழைய சஞ்சிகைகளுக்கும் ‘நூலகம்’ என்ற இணையத்தளம் இருக்கிறது, காசு இல்லை. வேலைக்குப் போகிற பஸ்ஸில் பத்துப் பக்கம் வாசித்தால் போதும். ஊர் மறந்துபோகுமா என்ற பயம் அதோடு தணியும் என்று நம்பிச் சொல்கிறேன்.

கனடா அரசியல் பிடிபடவில்லை என்றீர்கள். சரி, உங்கள் வாடகையிலிருந்து தொடங்குங்கள். ஏற்கெனவே குடியிருப்பவரிடம் வருடத்துக்கு எத்தனை வீதம் கூட்டலாம் என்பதற்கு ஒன்ராறியோ மாகாண அரசு உச்சவரம்பு வைக்கிறது. 2025 இல் அது 2.5 வீதமாக இருந்தது. ஆனால் 2018 நவம்பர் 15 க்குப் பிறகு முதன்முதல் ஆட்கள் குடியேறிய வீடுகளுக்கு அந்த வரம்பு இல்லை. அண்மையில் கட்டிய பேஸ்மென்ட்களும் இதில் மாட்டலாம், ஆகவே உங்களுடையது எப்போதையது என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். குடியுரிமை வரும்வரை வாக்கு இல்லைத்தான். ஆனால் மாகாண சபை உறுப்பினரின் அலுவலகத்துக்குப் போய் இதைக் கேட்பதற்கு வாக்குரிமை தேவையில்லை, தமிழில் கதைக்கக்கூடிய அலுவலகங்களும் ஸ்காபரோவில் இருக்கின்றன.

இங்கே வடக்கு மாகாண சபையின் காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே வைக்கவில்லை. ஒரு மாகாண சபை தன் குடிகளுக்கு என்னவெல்லாம் செய்யலாம் என்பதை நீங்கள் அங்கே இருந்து நேரில் பார்க்கப்போகிறீர்கள். வடிவாகப் பார்த்துவிட்டு இங்கே இருக்கிற உங்கள் நண்பர்களுக்கு எழுதுங்கள்.