பழைய பாலத்தை எடுக்கும்போது எதையெல்லாம் பார்க்க வேண்டும்? கேள்வி பதில்

சாலை, பாலம் கட்டும் திட்டங்கள் வரும்போது சுற்றியிருக்கும் பழைய இடங்களுக்கு என்ன ஆகும் என்று ஆராய்ந்து அறிக்கை எழுதுவதுதான் பதினெட்டு ஆண்டுகளாக என் வேலை. இருப்பது கோலாலம்பூரில், அலைவது தீபகற்பம் முழுக்க. பழைய நெடுஞ்சாலைப் பாலங்களை மாற்றுவது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன், நிறைய வந்திருக்கிறது. எனக்குத் தெரிந்தவற்றுக்குப் பதில் தருகிறேன்.

செந்தூல் வாசகர்: அம்மாவின் ஊரில் 1930களில் கட்டிய குறுகலான இரும்புப் பாலம் இருக்கிறது. ஜேகேஆர் (பொதுப்பணி இலாகா) அதை எடுத்துவிட்டு நான்கு தடப் பாலம் கட்டப்போகிறதாம். நூறு வயது ஆகவில்லை, கெசட்டிலும் (அரசிதழிலும்) இல்லை, ஒன்றும் செய்ய முடியாது என்கிறார்கள். உண்மையா அக்கா?

வயதையும் கெசட்டையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். நூறு வயதுக் கணக்கு 1976 பழம்பொருள் சட்டத்தில் இருந்தது. அதை நீக்கிவிட்டுத்தான் 2005 தேசிய பாரம்பரியச் சட்டம் வந்தது, 2006 மார்ச் 1 முதல் நடப்பில் இருக்கிறது. ஓர் இடத்தைப் பாரம்பரிய இடமாக அறிவிக்க நூறு வயது ஆகியிருக்க வேண்டும் என்று இந்தச் சட்டத்தில் இல்லை. ஆனால் அதிகாரிகள் வாயில் அந்தப் பழைய கணக்கு இன்னும் இருக்கிறது.

கெசட் விஷயத்தில் அவர்கள் சொல்வது பாதி உண்மை. சட்டப் பாதுகாப்பு கெசட்டில் ஏறினால்தான் கிடைக்கும். ஆனால் கெசட்டில் இல்லை என்பதை மதிப்பே இல்லை என்று படிப்பது பெரிய தப்பு. 2013-இல் கெடா மாநிலத்துப் பூஜாங் பள்ளத்தாக்கில் 11ஆம் எண் சண்டியை (பழங்காலக் கோயிலை) நிலமேம்பாட்டு வேலையில் இடித்துவிட்டார்கள். ஆய்வாளர்கள் எண் கொடுத்துப் பதிவு செய்து வைத்திருந்த இடம் அது, கெசட்டில் மட்டும் இல்லை. நம் எல்லாருக்கும் அது வலித்தது.

நீங்கள் செய்யக்கூடியது, தேசிய பாரம்பரிய ஆணையருக்கு இப்போதே எழுதுவது. இடைக்காலப் பாதுகாப்பு ஆணை போட அவருக்கு அதிகாரம் உண்டு. நிலம் மாநிலத்தின் கையில் என்பதால் மாநில அரசைக் கலந்துகொண்டுதான் இடத்தை அறிவிக்க முடியும், அதற்கு நாளாகும். டெண்டர் விட்டபிறகு எழுதினால் யாராலும் அதிகம் செய்ய முடியாது. பாதை எந்தப் பக்கம் என்று கோடு போடுவதற்கு முன்பே மதிப்பீடு நடக்க வேண்டும். கோடு போட்டபின் கேட்டால் பாதையை மாற்ற மாட்டார்கள், அறிவிப்புப் பலகை வைத்துத் தருகிறோம் என்பார்கள்.

பந்திங் வாசகர்: பாலத்துக்கு இருநூறு மீட்டர் தள்ளி ஆற்றங்கரையில் எங்கள் முனீஸ்வரர் கோயில். பாலத்தின்மேல் இல்லை என்பதால் கவலை வேண்டாம் என்று ஒரு பொறியாளர் சொன்னார்.

கவலைப்படுங்கள். இந்த வேலையில் நான் கற்றுக்கொண்ட ஒன்றைத்தான் இன்று திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன்: பாலத்தை மட்டும் பார்க்காதீர்கள், பாலத்துக்கு ஏறும் அணுகுசாலையைப் பாருங்கள். பழைய பாலம் தாழ்வாக இருக்கும், புதியது வெள்ளமட்டத்துக்கு மேலே உயர வேண்டும். உயர்த்தினால் இரண்டு பக்கமும் மண்மேடு நீளும், மேடு உயர உயர அடியில் அகலமும் கூடும். அதற்குப் பிறகு தற்காலிக இடங்கள் வரும்: கிரேன் நிற்கும் தளம், கான்கிரீட் கலக்கும் இடம், லோரி வந்து திரும்பும் பாதை, தோண்டிய மண்ணைக் கொட்டும் இடம், தொழிலாளர் தங்கும் கொங்சி. இவை வரைபடத்தில் கடைசியில்தான் வரும், சில நேரம் வரவே வராது, குத்தகையாளர் வேலை தொடங்கும் வாரத்தில் முடிவு செய்வார்.

நான் வேலை பார்த்த ஒரு திட்டத்தில் பாலத்தின் இரு கரையையும் அங்குலம் அங்குலமாகப் பார்த்து அறிக்கை கொடுத்தோம். கிரேன் தளம் அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு பழைய தோட்டத்துச் சுடுகாட்டு ஓரத்தில் போடப்பட்டது. எங்கள் எல்லைக் கோட்டுக்குள் அது இல்லை. சமன் செய்த மண்ணில் சமாதிக் கற்கள் உடைந்து கிடந்ததை ஒரு பாட்டி கூப்பிட்டுக் காட்டினார். அந்த எல்லையைப் போட்டவர்களில் நானும் ஒருத்தி. அன்றிலிருந்து தற்காலிக இடங்களின் வரைபடம் கையில் வராமல் எந்த அறிக்கையிலும் கையெழுத்து போடுவதில்லை.

உங்கள் கோயில் கமிட்டி கேட்க வேண்டியது அந்த வரைபடத்தைத்தான். அப்புறம் நில நிலவரத்தையும் பாருங்கள், கோயில் ஆற்று ஒதுக்கீட்டு நிலத்தில் இருந்தால் பேச்சு வேறு மாதிரிப் போகும். அதை வழக்கறிஞரிடம் இப்போதே கேட்டுவிடுங்கள்.

ரவாங் வாசகர்: எங்கள் நிலத்தில் பாதி போகிறது. நஷ்டஈடு எவ்வளவு கிடைக்கும்?

அது 1960 நில எடுப்புச் சட்டம், என் துறை இல்லை. நில அலுவலகத்துக்கும் வழக்கறிஞரிடமும் போங்கள், கடிதம் வந்தால் கெடு தேதியைத் தவறவிடாதீர்கள்.

ஈப்போ வாசகர்: பாலம் எப்போது கட்டியது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கல்வெட்டு, பலகை எதுவும் இல்லை.

நல்ல கேள்வி. முதலில் இணைப்புகளைப் பாருங்கள். உருண்டைத் தலை வைத்த ரிவெட்டுகளாக இருந்தால் பெரும்பாலும் 1960களுக்கு முந்தியது, அதன்பிறகு உறுதியான போல்ட் நட்டு அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. பிறகு உத்திரத்தின் நடுப்பகுதியில் டார்ச் அடித்துப் பாருங்கள். இங்கிலாந்தில் இருந்து வந்த எஃகில் ஆலையின் பெயர் புடைப்பாக உருட்டப்பட்டிருக்கும், டார்மன் லாங், மிடில்ஸ்பரோ என்பது இந்தப் பக்கம் கண்ணில் படும் பெயர். ஒரே பாலத்தில் இரண்டு வகை இணைப்பு இருந்தால் சந்தோஷப்படுங்கள், போரில் உடைந்து பிறகு சரி செய்திருக்கலாம், அதுவே பெரிய வரலாறு.

பெயிண்டைச் சுரண்டாதீர்கள். பழைய இரும்புக்கு அடிப்பூச்சாகச் செவ்வீயம் அடிப்பார்கள், அது ஈயம். சுரண்டினாலும் தீயால் உருக்கினாலும் நுரையீரலுக்குள் போகும். எழுத்தின்மேல் மெல்லிய வெள்ளைத்தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்தாலே எழுத்து வந்துவிடும்.

காகிதத்துக்கு கோலாலம்பூர் தேசிய ஆவணக் காப்பகம். சிலாங்கூர் செயலகக் கோப்புகள் அங்கே இருக்கின்றன. ஜேகேஆர் 1872-இல் தொடங்கிய இலாகா, பழைய ஆண்டறிக்கைகளில் பாலம் பாலமாகச் செலவு எழுதியிருப்பார்கள். யார் வேலை செய்தார்கள் என்று மட்டும் அதில் இருக்காது. மண் சுமந்தது நம் ஆட்கள், அதை வீட்டுப் பெரியவர்களிடம்தான் கேட்டு எழுத வேண்டும்.

பட்டர்வொர்த் பொறியாளர்: எல்லாம் சரி. ஆனால் பழைய பாலத்தைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்ளலாம் என்று உங்களைப் போன்றவர்கள் சொல்வதுதான் ஆபத்து. நெருக்கமான தூண்களில் மூங்கிலும் மரமும் வந்து அடைத்துக்கொள்ளும், மேல்புறம் தண்ணீர் ஏறும், கம்பம் (கிராமம்) மூழ்கும். அப்போது உங்கள் பாரம்பரியம் வந்து காப்பாற்றுமா?

ஐயா, இதற்குத்தான் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன். நீங்கள் சொல்லும் நீரியல் சரிதான். இரண்டு பாலத்துத் தூண்களும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் இல்லாவிட்டால் நீரோட்டம் சுழன்று அடியில் மண் அரிக்கும், புதிய பாலத்துக்கே கேடு. நான் மறுக்கவில்லை. நான் கேட்பது, அதைக் கணக்குப் போட்டுக் காட்டினீர்களா என்பதுதான். முழுவதும் எடுத்தால் வெள்ளம் எவ்வளவு, ஆற்றுத் தூண்களை மட்டும் எடுத்துக் கரைக்கண்களை (கரையோரத்துத் தூண்களுக்கு இடைப்பட்ட பகுதிகளை) விட்டால் எவ்வளவு, புதிய தூண்களைப் பழையவற்றின் நேரில் வைத்தால் எவ்வளவு. வடிகால் நீர்ப்பாசன இலாகா எப்படியும் நீரியல் ஆய்வு கேட்கும், அதற்கான கணினி மாதிரியையே இன்னும் இரண்டு முறை ஓட்ட வேண்டியதுதான். காராயில் விக்டோரியா பாலம் இருக்கிறதே, 1897 முதல் 1900 வரை கட்டியது, 2002 வரை ரயில் ஓடியது. பக்கத்தில் புதிய பாலம் கட்டினார்கள், பழையதும் நிற்கிறது.

அதே பொறியாளர்: அது பேராக் ஆறு, அகலமான ஆறு, நீளமான கண்கள். நான் சொல்வது பத்து மீட்டர் கண் உள்ள சாலைப் பாலம். ஒப்பிடாதீர்கள்.

ஏற்றுக்கொள்கிறேன், அந்த ஒப்பீட்டை எல்லாப் பாலத்துக்கும் நீட்ட முடியாது. சிறிய ஆற்றில் ஆற்றுத் தூண்கள் போகத்தான் வேண்டும் என்றால் போகட்டும். கரையோரக் கல் தாங்குசுவரும் ஒரு கண்ணும் நிற்கலாமே? இரும்புச் சட்டகப் பாலமானால் கண் கண்ணாகத் தூக்கி வேறு ஓடையில் நடைபாலமாக வைக்கலாம்.

கோலகங்சார் வாசகி: நான் குறுக்கிடலாமா? பழைய பாலத்தில் சாயங்காலம் எங்கள் தெரு மொத்தமும் நடக்கிறது. பொறியாளர் ஐயாவுக்கு அது கணக்கில் வராதா?

பொறியாளர்: வரும், தங்கச்சி. ஆனால் துருப்பிடித்து ஒரு பலகை விழுந்து பிள்ளைக்கு அடிபட்டால் கோர்ட்டில் நிற்பது நான். பராமரிப்புக்கு யார் பணம் தருவது?

இதுதான் உண்மையான கேள்வி, வெள்ளத்தைவிட இதில்தான் பழைய பாலங்கள் அதிகம் செத்துப்போகின்றன. ஜேகேஆர் புதியதை எடுத்துக்கொள்ளும், பழையது யாருடையதும் இல்லை என்று ஆகிவிடும். அதனால் நான் இப்போது அறிக்கையில் பழைய பாலத்தைக் காப்பாற்றுங்கள் என்று மட்டும் எழுதுவதில்லை, எந்த உள்ளாட்சி மன்றம் எடுத்துக்கொள்கிறது, ஆண்டுச் செலவு எந்தக் கணக்கில் என்று எழுத்தில் வாங்கி இணைக்கிறேன். கிடைக்காத இடத்தில், முழு அளவெடுத்து ஆவணப்படுத்திவிட்டு எடுப்பதுதான் நேர்மை என்று நானே எழுதியும் இருக்கிறேன். ஐயா, அந்தக் கடிதத்தை நீங்களும் கேளுங்கள். நாம் இருவரும் கேட்டால் பலம்.

பொறியாளர்: கணினி மாதிரியை மூன்று முறை ஓட்டுவதை ஏற்கிறேன். மற்றதைப் பார்ப்போம்.

நன்றி ஐயா.

பினாங்கு மாணவர்: அமெரிக்க நடைமுறையை ஒப்பிட்டுக் கட்டுரை எழுதுகிறேன். அங்கே 106ஆம் பிரிவு பாலங்களைக் காப்பாற்றுகிறதா?

தம்பி, 1966 தேசிய வரலாற்றுப் பாதுகாப்புச் சட்டத்தின் 106ஆம் பிரிவு நடைமுறையைத்தான் கட்டாயமாக்குகிறது, இடிக்காதே என்று சொல்வதில்லை. கூட்டரசுப் பணமோ அனுமதியோ இருந்தால் தாக்கத்தைக் கண்டறிந்து கலந்துபேச வேண்டும். அதைவிடக் கடுமையானது அதே ஆண்டின் போக்குவரத்துச் சட்டத்தின் 4(எஃப்) பிரிவு: வரலாற்று இடத்தைப் பயன்படுத்தாமல் செய்யக்கூடிய, விவேகமான மாற்றுவழி இல்லை என்று காட்ட வேண்டும், பிறகு கேடு குறைய எல்லாத் திட்டமிடலும் செய்ய வேண்டும்.

நாம் கற்றுக்கொள்ள வேண்டியவை இரண்டு. அங்கே பட்டியலில் ஏறியது மட்டுமல்ல, ஏறத் தகுதியுள்ளதும் அதே மதிப்பீட்டுக்குள் வரும். செந்தூல் வாசகரின் பாலம் அங்கே இருந்திருந்தால் கெசட்டில் இல்லை என்று ஒரே வரியில் தள்ளியிருக்க முடியாது. அடுத்தது, தாக்கம் எட்டக்கூடிய பரப்பை முதலிலேயே வரைந்துகொள்வார்கள், அதில் அணுகுசாலை, மண் எடுக்கும் இடம், சத்தம், பார்வை எல்லாம் அடங்கும். வரலாற்றுப் பாலத்தை இடிக்குமுன் எடுத்துக்கொள்ள யாராவது உண்டா என்று கேட்டு வழங்க முன்வர வேண்டும் என்ற விதியும் உண்டு.

ஐரோப்பாவுக்கு டிரெஸ்டனைச் சேர்த்துக்கொள்ளுங்கள். 2004-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய எல்ப ஆற்றுப் பள்ளத்தாக்கு, புதிய பாலம் ஒன்றால் 2009-இல் நீக்கப்பட்டது.

சுங்கை சிப்புட் வாசகர்: எங்கள் கோயிலுக்கு எழுபது வயதுதான், நூறு ஆகவில்லையே?

முதல் பதிலைப் படியுங்கள். நூறு வயது கணக்கு இப்போது இல்லை.

கிள்ளான் வாசகர்: கோயில் பாலத்திலிருந்து தூரம், பிரச்சினை இல்லைதானே?

பந்திங் வாசகருக்கு எழுதியதைப் படியுங்கள். அணுகுசாலை. தற்காலிக இடங்களின் வரைபடம்.

ஜார்ஜ் டவுன் கடைவீட்டுக்காரர்: பக்கத்தில் பைலிங் (அடித்தளத் தூண்) அடித்தால் சுவர் விரியுமா?

விரியலாம். சுண்ணாம்புக் காரையில் கட்டிய செங்கல் சுவர் அதிர்வை அதிகம் தாங்காது. ஜெர்மன் டின் 4150 தரத்தில் இப்படிப்பட்ட கட்டடங்களுக்கு அடித்தளத்தில், தாழ்ந்த அதிர்வெண்ணில், வினாடிக்கு 3 மில்லிமீட்டர் அதிர்வு வேகம்தான் வழிகாட்டி அளவு. அடித்து இறக்கும் பைலுக்குப் பதில் துளையிட்டு ஊற்றும் பைல் கேளுங்கள். தோண்டும்போது தண்ணீரை இறைப்பார்களா என்றும் கேளுங்கள், அடியில் பாக்காவ் கட்டை (சதுப்புநில மரக்கட்டை) இருந்தால் நீர்மட்டம் இறங்கியதும் கட்டை காய்ந்து மக்கும். வேலைக்கு முன் வீட்டின் ஒவ்வொரு விரிசலையும் தேதியோடு படம் எடுங்கள். நீங்கள் இருப்பது 2008-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறிய பகுதியானால் பாரம்பரியத் தாக்க மதிப்பீட்டைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

கப்பளா பத்தாஸ் வாசகர்: தோண்டும்போது எலும்போ பானையோ கிடைத்தால்?

நிறுத்துங்கள், தொடாதீர்கள், பாரம்பரிய ஆணையருக்கோ மாவட்ட அதிகாரிக்கோ சொல்லுங்கள். அது சட்டக் கடமை. உங்கள் ஊர்ப் பக்கத்துக் குவார் கெப்பாவில் 1930களிலேயே அகழாய்வு நடந்துவிட்டது, எல்லாம் எடுத்தாயிற்று என்று நினைத்த இடம். 2017-இல் காட்சிக்கூடம் கட்டத் தோண்டியபோது புதிய கற்காலப் பெண்ணின் எலும்புக்கூடு கிடைத்தது.

தாப்பா ஆசிரியை: எங்கள் பாலத்தை அடுத்த மாதம் எடுக்கிறார்கள். தடுக்க முடியாது என்று தெரியும். இருபது மாணவர்களை என்ன செய்ய வைக்கலாம்?

டீச்சர், சனிக்கிழமை காலை ஏழரைக்கே போங்கள், வெயில் ஏறினால் இரும்பின் நிழல் படத்தைக் கெடுக்கும். ஒரு மீட்டர் கோலில் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு சிவப்பாகப் போட்டு ஒவ்வொரு படத்திலும் வையுங்கள். நாலு பேர் கரையிலிருந்து நேர்ப்பக்கம், நாலு பேர் அடிப்பக்கம், நாலு பேர் இணைப்புகள், மற்றவர்கள் அணுகுசாலையின் இருபக்கமும் கடை, கோயில், மரம் எதையும் விடாமல். வெள்ளம் ஏறிய கோடு தூணில் தெரிந்தால் தரையிலிருந்து அளந்து எழுதுங்கள். பெயிண்டைச் சுரண்ட விடாதீர்கள். மத்தியானத்துக்கு மேல், ஒரு காலத்தில் பாலத்தைக் கடந்து தோட்டத்துக்கு வேலைக்குப் போன பாட்டிகள் இரண்டு பேரையாவது பேசவைத்துக் குரலைப் பதிவு செய்யுங்கள், பெயரும் ஊரும் அவர்கள் சொன்னபடியே எழுதி ஒரு பிரதியைத் தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் இன்னொன்றை ஜேகேஆர் மாவட்ட அலுவலகத்துக்கும் அனுப்பிவிடுங்கள்.