வீட்டுக்குள்ளேயே பயிற்சி செய்தால் சர்க்கரை கட்டுப்படுமா?

கேள்வி: என் வயது 52. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையில் 6.2 என வந்துள்ளது. என் கணவர் எட்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். தெரு நாய்களுக்குப் பயந்து நாங்கள் நடைப்பயிற்சிக்குச் செல்வதில்லை. நாள் முழுவதும் நான் செய்யும் வீட்டு வேலை போதாதா? இருவரும் வீட்டிலேயே என்ன பயிற்சி செய்யலாம்?

பதில்: எச்பிஏ1சி 5.7 முதல் 6.4 வரை இருப்பது சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை என்பதால், நீங்கள் இப்போதே தொடங்குவது நல்லது. இதையொத்த நிலையில் இருந்தவர்களிடம் சென்னை மருத்துவர்கள் நடத்தி 2006இல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் உடலுழைப்பையும் சீர்செய்தவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 28 சதவீதம் குறைந்தது; மெட்ஃபார்மினும் கிட்டத்தட்ட அதே பலனைத்தான் தந்தது.

வீட்டு வேலை நல்லதுதான், ஆனால் அது விட்டுவிட்டு நடப்பது. மூச்சு சற்றே வாங்கும் அளவுக்குப் பெரும்பாலும் போவதில்லை. பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது என்ற வேகத்தில் வாரத்துக்கு 150 நிமிட உழைப்பு தேவை. கூடத்திலோ மொட்டை மாடியிலோ நடக்கலாம். ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும், குறிப்பாக இரவு உணவுக்குப் பின், 10 முதல் 15 நிமிடம் நடந்தால் உணவுக்குப் பிந்தைய ஏற்றம் தணியும்.

நடை மட்டும் போதாது. வேலை செய்யும் தசை இன்சுலின் உதவியின்றியே குளுக்கோஸை இழுத்துக்கொள்வதோடு, அதன் பின்னும் ஓரிரு நாட்கள் இன்சுலினுக்கு நன்றாகச் செவிசாய்க்கிறது. ஆகவே தொடர்ந்து இரண்டு நாட்களுக்கு மேல் பயிற்சியை விட வேண்டாம். நாற்காலியில் கையூன்றாமல் உட்கார்ந்து எழுவது, சுவரில் கைவைத்துத் தள்ளுவது, குதிகாலை உயர்த்தி இறக்குவது, தண்ணீர் நிரப்பிய பாட்டிலைத் தூக்குவது ஆகியவற்றை வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள், ஒவ்வொன்றும் பத்துப் பன்னிரண்டு முறை செய்யுங்கள். முழங்கால் வலித்தால் உயரமான நாற்காலி போதும். கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. வாங்கியவற்றில் பல துணி காயப்போடத்தான் பயன்படுகின்றன.

உங்கள் கணவரின் நிலை வேறு. கிளிமிபிரைடு, சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் கணையத்தை இன்சுலின் சுரக்கத் தூண்டும். வெறும் வயிற்றில் பயிற்சி செய்தால் சர்க்கரை தாழ்ந்து வியர்வை, நடுக்கம், குழப்பம் வரலாம். தொடங்குமுன் குளுக்கோமீட்டரில் 90க்குக் கீழ் இருந்தால் முதலில் ஏதாவது சாப்பிட வேண்டும். 70க்குக் கீழே இறங்கினால் மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். இது அடிக்கடி நேர்ந்தால் மாத்திரை அளவை அவருடைய மருத்துவர்தான் குறைக்க வேண்டும். தாமாகக் குறைக்கவோ நிறுத்தவோ கூடாது.

எடை தூக்குமுன் அவர் விழித்திரைப் பரிசோதனை செய்துகொள்வது அவசியம். அங்கே ரத்தக்கசிவு ஏற்படக்கூடிய மாற்றம் இருந்தால் மூச்சை அடக்கி எடை தூக்குவதும், தலைகீழாக நிற்கும் ஆசனங்களும் ஆகாது. பாதத்தில் உணர்ச்சி குறைந்திருந்தால் வெறுங்காலுடன் நடக்கவே கூடாது, வெயிலில் காய்ந்த மாடியில் அறவே கூடாது. பயிற்சியின்போது நெஞ்சு இறுக்கமோ தலைசுற்றலோ வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூன்று மாதம் கழித்து இருவரும் எச்பிஏ1சி எடுத்துப் பாருங்கள்.