சடங்குக் காணொளி ஏன் ஓடவில்லை?

கேள்வி: என் மடிக்கணினியில் உபுண்டு இயங்குதளத்தை நிறுவியிருக்கிறேன். கண்ணகி அம்மன் குளிர்த்திச் சடங்கன்று தம்பி கைத்தொலைபேசியில் எடுத்த காணொளியில் ஒலி கேட்கிறது, படம் தெரியவில்லை. அக்காவின் கலியாண டிவிடி ஓடுகிறது. கடையில் வாங்கிய திரைப்பட டிவிடி ஓடவில்லை. கணினி பழுதா?
வாசகி, களுவாஞ்சிக்குடி

பதில்: கணினியில் பழுதில்லை, சகோதரி, தடை சட்டத்திலிருந்து வருகிறது.

புதிய கைத்தொலைபேசிகள் பல, காணொளியை எச்.265 என்னும் முறையில் சுருக்கிப் பதிகின்றன. 2013இல் தரமாக்கப்பட்ட அம்முறையின் ஆக்கவுரிமைகள் பல நிறுவனங்களிடம் பிரிந்து கிடப்பதோடு, அவற்றுக்குக் கட்டணமும் கேட்கப்படுகிறது. யாரும் படியெடுத்து யாருக்கும் கொடுக்கலாம் என்றிருக்கும் கட்டற்ற இயங்குதளம், எத்தனை பிரதிகளுக்கென்று கணக்கிட்டுக் கட்டணம் செலுத்தும்? ஆகவே அம்முறையை விரிக்கும் நிரலைச் சேர்ப்பதா என்ற முடிவை உபுண்டு பயனரிடமே விடுகிறது. நிறுவும்போது கூடுதல் ஊடக வடிவங்களுக்கான கட்டத்தைத் தெரிவுசெய்யாதவர்களுக்கு இந்த நிலைதான். எம்பி3 பாடல்களுக்கும் இதே தொல்லை இருந்தது. 2017இல் அதன் உரிமத் திட்டம் முடிவுக்கு வந்ததால் அது தீர்ந்தது.

இப்போது மென்பொருள் நிலையத்திலிருந்து விஎல்சி என்னும் காணொளி இயக்கியை நிறுவினால் படம் தெரியும். ஆனால் உங்கள் மடிக்கணினி பழையதாயின், எச்.265ஐ விரிக்கும் தனிச்சுற்று அதில் இராது. முழுச் சுமையும் செயலியின் மேல் விழுவதால் படம் திக்கித் திக்கி ஓடும். அப்போது ஹேண்ட்பிரேக் என்னும் கட்டற்ற மென்பொருளால் எச்.264 என்னும் முந்தைய முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றும்போது தரம் சற்றுக் குறையும் என்பதால் மூலக் கோப்பை அழித்துவிட வேண்டாம். குளிர்த்தி ஆண்டுக்கு ஒருமுறைதான் வருகிறது. அடுத்த வைகாசிக்கு முன் தம்பியின் கைத்தொலைபேசிக் கமராவின் அமைப்பிலேயே எச்.264ஐத் தெரிவுசெய்யச் சொல்லுங்கள்.

டிவிடியின் கதை வேறு. கலியாண இறுவட்டைப் பதிந்தவர் பூட்டுப் போட்டிருக்கமாட்டார். திரைப்பட நிறுவனங்களோ சிஎஸ்எஸ் என்னும் மறைகுறியாக்கத்தால் பூட்டுகின்றன. அப்பூட்டைத் திறக்கும் லிப்டிவிடிசிஎஸ்எஸ் போன்ற நிரல்களைப் பரப்புவதை அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பதால், உபுண்டு அதைத் தன்னுடன் சேர்த்துத் தருவதில்லை. காசு கொடுத்து வாங்கிய வட்டைத் தன் வீட்டில் பார்க்க விரும்புபவரையும் இத்தடை தண்டிப்பது அநியாயம் என்றே கருதுகிறேன். லிப்டிவிடி-பிகேஜி என்ற பொதியை நிறுவினால், அது அந்நிரலின் மூலத்தை இணையத்திலிருந்து இறக்கி உங்கள் கணினியிலேயே தொகுத்துக்கொள்ளும். அதன்பின் வட்டை விஎல்சியில் திறந்து பாருங்கள்.