தோற்ற போர் யாருக்குப் பாடம்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆப்கானிஸ்தானில் அமெரிக்கா நடத்திய போரைப் பற்றி எங்கள் வாசிப்புக் குழுவில் சில வாரங்களாகவே விவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது. 20 ஆண்டுகள் சண்டையிட்டு, கணக்கில்லாமல் செலவழித்து, 2001இல் விரட்டியடித்த அதே தாலிபானிடம் 2021 ஆகஸ்ட்டில் காபூலை விட்டுவிட்டுக் கிளம்பினார்கள். குழுவில் பாதிப் பேர், "அது பேரரசுகளின் கல்லறை. பிரிட்டன் தோற்றது, சோவியத் தோற்றது, அமெரிக்காவும் தோற்றது. இதில் கற்க என்ன இருக்கிறது?" என்கிறார்கள். மற்றவர்களோ, நாடுகள் தோல்வியிலிருந்து எதையும் கற்பதில்லை, கற்றிருந்தால் வியட்நாமுக்குப் பிறகு இது நடந்திருக்குமா என்று கேட்கிறார்கள். இரண்டுமே நழுவிப்போகும் பதில்களாக எனக்குப் படுகின்றன. ஆனால் எடுத்துச் சொல்லி மறுக்கத் தெரியவில்லை.

நீண்டு, தோற்றுப்போன ஓர் அந்நிய மண் போரிலிருந்து ஒரு நாடு உண்மையிலேயே எதையாவது கற்றுக்கொள்ளுமா? அப்படிக் கற்ற நாடு உண்டா?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

'பேரரசுகளின் கல்லறை' வாதத்தை முதலில் ஒதுக்கிவிடுவோம். கேட்பதற்குக் கம்பீரமாக இருக்கிறது, அவ்வளவுதான். பாபர் காபூலைப் பிடித்தது 1504இல். 1738இல் நாதிர் ஷா வந்து பறிக்கும்வரை, இடையில் சில குழப்பங்கள் போக, அது முகலாயர் கையில்தான் இருந்தது. பாபரின் கல்லறை காபூலில் இருப்பது உண்மைதான். ஆனால் அவர் அங்கே தோற்று மடிந்தவர் இல்லை, அந்த ஊரின் மேல் கொண்ட ஆசையால் அங்கே புதைக்கச் சொன்னவர். பழியை மண்ணின் மீது போட்டுவிட்டால் வாஷிங்டனில் முடிவெடுத்தவர்களை யாரும் கேள்வி கேட்க வேண்டியதில்லை. இந்தச் சொல் இவ்வளவு காலம் செல்வாக்கோடு இருப்பதற்கு அதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

நாடுகள் எதையும் கற்பதில்லை என்பதையும் நான் ஏற்கமாட்டேன். அமெரிக்கா வியட்நாமிலிருந்து நன்றாகவே கற்றுக்கொண்டது. எதைக் கற்றது என்பதில்தான் வினை.

வியட்நாமில் 58,000க்கும் அதிகமான அமெரிக்கர்கள் இறந்தார்கள். 1964 முதல் 1973 வரை 18 லட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர்களைக் கட்டாய ராணுவச் சேவைக்கு இழுத்தார்கள். செலவைச் சமாளிக்க 1968இல் அதிபர் ஜான்சன் வருமான வரிக்கு மேல் 10 சதவீதக் கூடுதல் வரி போட்டார். பிள்ளையைக் கொடுத்தவர், பணத்தைக் கொடுத்தவர், அடுத்து நம் முறை என்று அஞ்சியவர் என்று நாடு முழுக்கப் போர் வந்து உட்கார்ந்திருந்தது. அதனால்தான் தெருவில் அவ்வளவு எதிர்ப்பு. ஆட்சியாளர்கள் இதிலிருந்து இரண்டு பாடங்கள் எடுத்திருக்கலாம். இப்படிப்பட்ட போருக்குப் போகக் கூடாது என்பது ஒன்று. போனாலும் வீட்டில் இருப்பவர்களுக்கு வலிக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது இன்னொன்று. இரண்டாவதைத்தான் எடுத்தார்கள்.

1973இல் கட்டாய ஆள்சேர்ப்பு நின்றது. அதன் பிறகு விரும்பிச் சேர்பவர்களின் ராணுவம். மக்கள்தொகையில் ஒரு சதவீதத்துக்கும் குறைவானவர்கள்தான் பணியில். ஆப்கானிஸ்தானிலும் ஈராக்கிலும் படைகள் நிற்கும்போதே 2003இல் புஷ் வரியைக் குறைத்தார். போர்க்காலத்தில் வரியை உயர்த்துவதுதான் உலக வழக்கம். இங்கே போரைக் கடனில் நடத்தினார்கள். வட்டியை இன்னும் பிறக்காத பிள்ளைகள் கட்டுவார்கள். சமையல், லாரி ஓட்டுவது, விமானம் பழுதுபார்ப்பது எல்லாம் ஒப்பந்த நிறுவனங்களிடம் போயின. அவர்கள் ஆட்கள் இறந்தால் படைவீரர் கணக்கில் வராது. வலி குறையக் குறையப் போரின் ஆயுள் கூடியது. ஆப்கானிஸ்தான் போர் 20 ஆண்டுகள் இழுத்தது வியட்நாமை மறந்ததால் என்று பலர் எழுதுகிறார்கள். வியட்நாமை நினைவில் வைத்திருந்ததால்தான் என்பது என் எண்ணம்.

இதற்கு விதிவிலக்காக ஒரு நல்ல பாடத்தையும் சொல்ல வேண்டும். 1973 நவம்பரில் நிக்சனின் மறுப்பாணையையும் மீறி, அதிபரின் போர் அதிகாரத்துக்குக் கடிவாளம் போடும் தீர்மானத்தை அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஒப்புதல் இல்லாமல் படையை அனுப்பினால் 60 நாட்களில் விலக்கத் தொடங்க வேண்டும் என்பது சாரம். ஆனால் ஒப்புதலையே அளவில்லாமல் அள்ளிக் கொடுத்துவிட்டால் கடிவாளம் எதற்கு? 2001 செப்டம்பர் 14 அன்று அதுதான் நடந்தது. சுமார் 60 சொற்களே கொண்ட வாசகம். அதில் எந்த நாட்டின் பெயரும் இல்லை, முடிவுத் தேதியும் இல்லை. செனட்டில் 98-0. கீழவையில் 420-1. எதிர்த்து வாக்களித்த ஒரே ஒருவர் கலிபோர்னியாவின் பார்பரா லீ. எல்லையில்லாத போரில் இறங்கிவிடாதீர்கள் என்று சபையில் இடித்துரைத்தார். கொலை மிரட்டல் வந்து போலீஸ் பாதுகாப்போடு நடமாட வேண்டியதாயிற்று. அந்த 60 சொற்களைக் காட்டித்தான் பின்னர் ஏமன், சோமாலியா, சிரியா வரை போனார்கள். காபூலை விட்டு வந்த பிறகும் அதை ரத்து செய்யவில்லை.

இனி ஆப்கானிஸ்தானுக்கு வருவோம். அங்கே முதல் தவறு தோற்றபோது நிகழவில்லை, வென்றபோது நிகழ்ந்தது. 2001 டிசம்பர் தொடக்கத்தில், கந்தஹார் விழும் தறுவாயில், தாலிபான் தலைவர்கள், பின்னாளில் ஆப்கான் அதிபரான ஹமீத் கர்சாயிடம் சரணடைவதைப் பற்றிப் பேசினார்கள். பேசி முடிப்பதைப் பாதுகாப்பு அமைச்சர் டொனால்ட் ரம்ஸ்ஃபெல்ட் ஏற்கவில்லை. அதே நாட்களில் ஜெர்மனியின் பான் நகரில் புதிய ஆப்கான் அரசுக்கு வடிவம் கொடுத்த மாநாட்டுக்குத் தாலிபானை அழைக்கவே இல்லை. அதை நடத்திய ஐ.நா. தூதர் லக்தர் பிராஹிமி, அது தவறு என்று பின்னாளில் வெளிப்படையாகவே சொன்னார். பிறகு 2020 பிப்ரவரி 29 அன்று தோஹாவில் அதே தாலிபானோடு அமெரிக்கா ஒப்பந்தம் போட்டது. அந்த ஒப்பந்தத்தில் ஆப்கான் அரசுக்கு இடமில்லை. வென்றபோது எதிரியை ஒதுக்கினார்கள். தோற்றபோது கூட்டாளியை ஒதுக்கினார்கள்.

நடுவில் நடந்தவற்றைப் பற்றிப் படிக்கச் 'சிகார்' என்ற அலுவலகத்தின் அறிக்கைகள் போதும். ஆப்கானிஸ்தான் மறுசீரமைப்புச் செலவைத் தணிக்கை செய்ய 2008இல் அமெரிக்க நாடாளுமன்றமே அமைத்த அலுவலகம் அது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாத வாசிப்பு. ஆப்கான் விமானப்படைக்கென்று இத்தாலியத் தயாரிப்பான 20 பழைய சரக்கு விமானங்களை வாங்கிச் சீரமைத்தார்கள். திட்டத்தின் மொத்தச் செலவு சுமார் 55 கோடி டாலர். உதிரி பாகம் கிடைக்காமல், பராமரிக்க முடியாமல் அவை ஓடுபாதை ஓரத்தில் நின்றன. கடைசியில் அவற்றில் 16 விமானங்களைப் பழைய இரும்புக் கணக்கில் எடைக்குப் போட்டார்கள். கிடைத்தது 40,257 டாலர். இன்னொன்று சீருடை. பச்சைக் காட்டில் ஒளிந்துகொள்ள ஏற்ற வடிவம் ஆப்கான் பாதுகாப்பு அமைச்சருக்குப் பிடித்துப்போனதால் அதையே தேர்ந்தெடுத்தார்கள். அந்த நாட்டில் காடு 2 சதவீதம் அளவுக்குத்தான். அந்தத் தேர்வால் கூடுதலாகச் செலவானது 2.8 கோடி டாலர் வரை இருக்கும் என்று சிகார் கணித்தது.

இவற்றை ஊழல் என்று மட்டும் பார்த்தால் விஷயம் பிடிபடாது. ஓர் அதிகாரி ஓராண்டு வருவார். தன் ஆண்டுக்குள் பணத்தைச் செலவழித்துக் காட்ட வேண்டும், முன்னேற்றம் என்று எழுத வேண்டும். அடுத்தவர் வந்து முதலிலிருந்து ஆரம்பிப்பார். 20 ஆண்டு முயற்சி ஒன்று நடக்கவில்லை, ஓராண்டு முயற்சிகள் 20 நடந்தன என்பதே சிகாரின் 2021 அறிக்கை சொன்ன சேதி. மறுசீரமைப்புக்கு மட்டும் சுமார் 14,500 கோடி டாலர் போயிருந்தது. ஆப்கான் படை மூன்று லட்சம் பேர் என்றது ஏட்டுச் சுரைக்காய். இல்லாத வீரர்களின் பெயரில் யாரோ சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள். இது அமெரிக்க அதிகாரிகளுக்குத் தெரியாததில்லை. 2019 டிசம்பரில் வாஷிங்டன் போஸ்ட் வழக்குப் போட்டு வாங்கி வெளியிட்ட சிகார் நேர்காணல்களில், இரண்டு அதிபர்களின் கீழ் வெள்ளை மாளிகையில் இந்தப் போரைக் கவனித்த ஜெனரல் டக்ளஸ் லூட், அந்த நாட்டைப் பற்றிய அடிப்படைப் புரிதலே தங்களிடம் இல்லை என்று ஒப்புக்கொள்கிறார். அறைக்குள் உண்மை, மேடையில் முன்னேற்றம். வியட்நாமின் ரகசிய ஆவணங்களை டேனியல் எல்ஸ்பர்க் 1971இல் வெளியிட்டபோதும் இதே இரட்டைக் கணக்குதான் வெளிப்பட்டது.

இந்தக் கணக்கில் ஆப்கானியர் எப்போதும் கடைசி வரியில்தான் வருகிறார்கள், நானும் அப்படியே எழுதிவிட்டேன் பாருங்கள். அமெரிக்கப் படையினர் 2,400க்கும் மேல் இறந்தார்கள். ஆப்கான் ராணுவத்தினரும் போலீசாரும் குறைந்தது 66,000 பேர். பொதுமக்கள் குறைந்தது 48,000 பேர். இவர்களிடம் யாரும் வாக்கெடுப்பு நடத்தவில்லை.

நேர்மையாகக் கணக்குப் பார்த்த நாடு எது என்று கேட்டால் நார்வேயைச் சொல்வேன். அங்கே அரசே அமைத்த கோடால் குழு 2016இல் அறிக்கை கொடுத்தது. நார்வே மூன்று நோக்கங்களோடு போனது: அமெரிக்காவுக்கும் நேட்டோவுக்கும் நல்ல கூட்டாளியாக இருப்பது, பயங்கரவாதத்தைத் தடுப்பது, ஆப்கானிஸ்தானில் நிலையான ஜனநாயக அரசைக் கட்ட உதவுவது. முதலாவது நிறைவேறியது, இரண்டாவது அரைகுறை, மூன்றாவது நடக்கவில்லை என்று பூசி மெழுகாமல் எழுதினார்கள். இதை மேலோட்டமாகப் படித்துவிடாதீர்கள். ஆப்கானிஸ்தான் எக்கேடு கெட்டாலும் அங்கே போனதன் முதல் நோக்கம் வெற்றி! கூட்டணியாகப் போன நாடுகளில் பல, வாஷிங்டனைப் பார்த்துக்கொண்டுதான் காபூலில் நின்றன. தோல்வி கண்ணுக்குத் தெரிந்த பிறகும் பல நாடுகள் சீக்கிரம் கிளம்பாததற்கு இதுவும் ஒரு காரணம்.

சோவியத் கதை வேறு மாதிரி. 1979 டிசம்பரில் நுழைந்தார்கள். 1989 பிப்ரவரி 15 அன்று ஜெனரல் போரிஸ் குரோமோவ் ஆமு தாரியா பாலத்தைக் கடந்து வெளியேறினார். சுமார் 15,000 சோவியத் வீரர்கள் இறந்திருந்தார்கள். விட்டுவந்த நஜிபுல்லா அரசு மூன்று ஆண்டுகள் தாக்குப்பிடித்து, மாஸ்கோவின் பணமும் எரிபொருளும் நின்ற பிறகு 1992 ஏப்ரலில்தான் விழுந்தது. அமெரிக்கா தாங்கிப்பிடித்த ஆப்கான் அதிபர் அஷ்ரப் கனியின் அரசோ கடைசி அமெரிக்க விமானம் கிளம்பும் முன்பே விழுந்துவிட்டது. 1989 டிசம்பரில் சோவியத் மக்கள் பிரதிநிதிகள் மாநாடு, படையை அனுப்பிய முடிவு அரசியல்ரீதியாகவும் ஒழுக்கரீதியாகவும் கண்டனத்துக்குரியது என்று தீர்மானம் போட்டது. தோற்ற பேரரசு தன் வாயால் அப்படிச் சொன்னது அபூர்வம். இரண்டே ஆண்டில் அந்த நாடே இல்லாமல்போனது. பாடம் படித்தவர்களின் இடத்துக்கு வேறு ஆட்கள் வந்தார்கள். 2022 பிப்ரவரியில் ரஷ்யப் படை உக்ரைனுக்குள் நுழைந்தபோது அந்தத் தீர்மானம் யாருக்கும் நினைவிருந்ததாகத் தெரியவில்லை.

கற்ற நாடு உண்டா என்று கேட்டீர்கள். ஓரளவுக்கு இந்தியா என்பேன். 1987 ஜூலை இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி போராளிகளின் ஆயுதங்களைப் பெற்றுக்கொண்டு அமைதி காக்க இலங்கைக்குப் போன இந்தியப் படை, அக்டோபரில் விடுதலைப் புலிகளோடு போரில் இறங்கியது. 1989இல் இலங்கை அதிபர் பிரேமதாசாவே வெளியேறச் சொன்னார். 1990 மார்ச்சில் கடைசிப் பிரிவு சென்னை வந்தபோது வரவேற்க முதல்வர் கருணாநிதி போகவில்லை. இறந்த இந்திய வீரர்கள் ஆயிரத்துக்கும் மேல். அங்கே செத்த தமிழ்ப் பொதுமக்களின் கணக்கு தனி. 2003 ஜூலையில் ஈராக்குக்குப் படை அனுப்பும்படி அமெரிக்கா கேட்டபோது வாஜ்பாய் அரசு மறுத்தது. சொன்ன காரணம் ஐ.நா. ஆணை இல்லை என்பது. அந்த மறுப்புக்குப் பின்னால் யாழ்ப்பாணத்து நினைவும் இருந்தது என்பது என் ஊகம். 13 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. அந்தப் போரை நடத்திய தலைமுறை இன்னும் டெல்லியில் இருந்தது. இன்னொரு 20 ஆண்டு போயிருந்தால் என்ன சொல்லியிருப்பார்கள் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

ஆகவே நாடு கற்கிறதா என்பதைவிட, முடிவெடுப்பவருக்கு வலிக்கிறதா என்று கேட்பதே எனக்குப் பயனுள்ளதாகத் தெரிகிறது. போருக்குக் கொடுக்கும் ஒப்புதல் ஆண்டுக்கொருமுறை காலாவதியாகட்டும். ஒவ்வொரு உறுப்பினரும் தன் பெயரில் மறுபடி வாக்களிக்கட்டும். செலவைக் கடனில் தள்ளாமல் அந்த ஆண்டே வரியாக வசூலிக்கட்டும். இது யாருக்கும் தோன்றாத யோசனை ஒன்றுமில்லை. 2009 நவம்பரில் கீழவையின் நிதி ஒதுக்கீட்டுக் குழுத் தலைவர் டேவிட் ஓபி, ஆப்கான் போருக்கென்று தனிக் கூடுதல் வரி விதிக்கும் மசோதாவைக் கொண்டுவந்தார். ஆளுங்கட்சிக்காரர், நாட்டின் பணப்பையைக் கையில் வைத்திருந்தவர். அந்த மசோதா வாக்கெடுப்புக்கே வரவில்லை. டிசம்பர் 1ஆம் தேதி ஒபாமா ஆப்கானிஸ்தானுக்கு மேலும் 30,000 வீரர்களை அனுப்பப்போவதாக அறிவித்தார்.